ஆடியில் வாங்கிய டயர்

சோலையப்பன் முன்னால் கைப்பிடியைச் சுழற்றிக் காரைக் கிளப்பிவிட்டு உள்ளே ஏறப்போனான். புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செங்கமலம் எழுந்து வாசலுக்கு வந்தாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் வண்டியின் முன்சக்கரத்தருகே குனிந்து டயரைத் தடவினாள். பட்டன் எல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்றிருந்தது. ஓரிடத்தில் ரப்பர் போய் உள்நூல் வெள்ளையாகத் தெரிந்தது.

"இத வச்சுக்கிட்டா தம்பி கறம்பக்குடிக்குப் போற?"

"என்ன மதினி பண்றது? எல்லா வண்டியும் இப்படித்தான் ஓடுது. மெதுவாப் போயி பொன்னுத்தாயக் கூட்டியாந்துர்றேன்."

"ஒங்க அண்ணனும் மெதுவாத்தான் போனாக."

சோலையப்பன் எஞ்சினை நிறுத்தினான். கந்தர்வக்கோட்டையில் வாடகைக்கு ஓடிய கார்களில் ஒன்று இவனுடையது, இன்னொன்று செங்கமலத்தின் புருஷன் உடையப்பனுடையது. உடையப்பன் நேற்று திருச்சியில் ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பியபோது, கீரனூர் தாண்டி முன்டயர் வெடித்துப் புளியமரத்தில் போய் மோதினான். உடல் இன்று காலையில்தான் வீட்டுக்கு வந்தது. இருப்பது ஒரே மகள் பொன்னுத்தாய், கறம்பக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வந்து முகம் பார்க்காமல் எடுக்க முடியாது. வெயிலோ ஏறிக்கொண்டே இருந்தது.

"குதிர் பக்கத்துல சாக்கு சுத்திப் புதுசு இருக்கு. ரெண்டு வண்டிக்கும் ஒரே அளவுதானே? மாட்டிக்கிட்டுப் போ" என்றாள் செங்கமலம்.

உடையப்பனின் அக்காள் பிச்சையம்மாளுக்கு வந்ததே ஆவேசம். "ஏண்டி, அவன் ஆசையா வாங்குனது. பொணம் கெடக்கயில தூக்கிக் குடுக்குற! அதுவும் ஆடியில!"

ஆடி. அந்தச் சொல்லைக் கேட்டதும் செங்கமலம் சடக்கென்று திரும்பினாள். உள்ளே போய், தானே டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். அதன்மேல் அவள் வைத்த மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன.

உலகச் சண்டை முடிந்து இத்தனை காலமாகியும் டயர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. உடையப்பன் புதுக்கோட்டைக்கு நடையாய் நடந்து, யார் யாரையோ பிடித்து அதை வாங்கிவந்தான். வந்த கையோடு மாட்டிவிடப் போனவனைத் தடுத்தவள் செங்கமலம். ஆடியில் புதுசு எதையும் புழங்க வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்றாள். "டயருக்கு ஆடி ஆவணி தெரியுமாடி?" என்று சிரித்தான். சிரித்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த டயருக்குள்ளேயே பழைய டயர்த் துண்டு ஒன்றை அண்டக்கொடுத்து மாட்டிக்கொண்டான். இந்த மாதிரி விஷயத்தில் அவள் பேச்சை அவன் தட்டியதே இல்லை. அன்றைக்கு ஒருநாள் சண்டை போட்டிருக்கலாம், பாவி மனுஷன்.

சோலையப்பன் சக்கரத்தைக் கழற்றி, கடப்பாறை போட்டு நெம்பி, வியர்க்க விறுவிறுக்கக் காற்றடித்தான். வேப்பமரத்தடியில் பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் மூக்கன் என்பவன் சொன்னது செங்கமலத்தின் காதில் நன்றாகவே விழுந்தது.

"புதுச வீட்டுல பூட்டி வச்சுட்டுக் கந்தலோட போயிருக்கான் பாரு. அம்புட்டுக் கருமித்தனம்."

"அந்தக் கருமித்தனம்தான் அவன் உசுரக் குடிச்சது" என்றான் இன்னொருவன்.

செங்கமலம் தலைமாட்டுக்கே திரும்பி வந்தாள். ஊரில் கல்யாணம், பிரசவம் என்றால் காசு கேட்காமல் வண்டி விட்ட மனுஷன் கருமியாம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டுமே. அவள் ஈக்களை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவதற்குக்கூடத் தெம்பில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பொன்னுத்தாய் வந்து சேர்ந்தாள். அப்பன் காலைக் கட்டிக்கொண்டு தொண்டை கட்டும்வரை கதறினாள். பிறகு நகர்ந்து வந்து, ஆத்தாளின் தோளில் கைபோட்டு ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஐயா வாங்குன டயருலதான் வந்தேன்னு சித்தப்பா சொல்லுச்சு. வெளியில என்னென்னமோ பேசுறாங்க ஆத்தா. ஐயா கருமியா? ஏன் ஆத்தா அத மாட்டாம போனாரு?"

பிச்சையம்மாள் உட்படச் சுற்றியிருந்த அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். வாசலில் சங்கு ஊதுகிறவன் வந்து நின்றான்.

"ஐயா கருமியில்ல" என்றாள் செங்கமலம், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "ஆடி போகட்டும்னு நாந்தான் மாட்ட விடல."

பொன்னுத்தாயின் கை ஆத்தாளின் தோளிலேயே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை.