பக்கத்து மாநிலத்துப் பன்னிரண்டு புள்ளி

பத்தொன்பது வருஷம் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிய ஓட்டுநர் உரிமத்தை, அவள் புருஷன் ஒரு தபால்தலை விலைக்குத் தள்ளிவிட்டிருந்தான். வேன் ஓட்டிப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகிற அவளுக்கு அது உரிமம் புதுப்பிக்கப் போன அன்றுதான் தெரிந்தது.

"உங்க பேர்ல பன்னெண்டு தண்டப் புள்ளி ஏறியிருக்கும்மா. பன்னெண்டு சேர்ந்தா உரிமம் ரத்து. இனி வேனைத் தொடக்கூடாது" என்றார் குமாஸ்தா.

"நான் மாநில எல்லையைத் தாண்டினதே இல்லீங்க."

"உங்க பேர்ல இருக்கிற கார் தாண்டியிருக்கே. அங்க பண்ற தப்பும் இங்க உங்க கணக்குலதான் ஏறும். வீட்டுக்கு வந்த நாலு நோட்டீஸுக்கும் 'நான்தான் ஓட்டினேன்'னு கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்பியிருக்கீங்க."

கையெழுத்தில் இருந்தது அவள் பெயர், எழுத்து மட்டும் புருஷனுடையது. பக்கத்து மாநிலத்தில் குளியலறைக் குழாய் விற்றுத் திரியும் அந்த மகராசன், அவளோடு கூடவே வந்து பின்பெஞ்சில் சாவகாசமாகக் காது குடைந்துகொண்டிருந்தான்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்குற? வெளி மாநிலப் புள்ளி இங்க வராதுன்னாங்க. வந்தாலும் உன் பேர்லதானே வரும்னு விட்டுட்டேன்" என்றான். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான். ஒருத்தன் படுத்த படுக்கையா கிடக்கிற அம்மா பேர்ல எழுதுறான். அந்தம்மா இந்த வருஷம் மூணு தடவை சிக்னல் தாண்டிட்டாங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான்.

குமாஸ்தா கேமரா படத்தைத் திருப்பிக் காட்டினார். பள்ளி வாசல். சாலை கடக்க நின்ற பிள்ளைகள் பதறிப் பின்வாங்க, காதில் போனோடு இவன் பறக்கிறான். அவளுக்கு எச்சில் தட்டில் சாப்பிட்டதுபோல் வாய் கசந்தது. இந்த ஆளுக்கா தினமும் சட்டை தேய்த்துக் கொடுத்தோம்?

"ஆட்சேபணை மனு ஒண்ணு குடுங்க சார்."

"ஏய், என் பொழப்பு போயிடும்டி."

"என் பொழப்ப வித்தப்ப எங்கிட்ட கேட்டீங்களா? எல்லை தாண்டிட்டா தப்பு கரைஞ்சு போயிடாதுங்க. ஓட்டினவன்தான் சுமக்கணும். அடுத்தவங்க தலையில கட்டுறது, அந்தப் பிள்ளைங்க மேல ஏத்தப் பாத்ததவிடக் கேவலம்."

மனுவில் நிதானமாக எழுதி, தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டாள்.

மூன்றாம் வாரம் திருத்திய பதிவு வந்தது. வேன்காரி: பூஜ்யம். குழாய்க்காரர்: புள்ளி பன்னிரண்டு, பொய்க் கையெழுத்து நான்கு. மனைவியிடம் கேட்ட மன்னிப்பு: இதுவரை ஒன்றுமில்லை.