தாத்தா பெயர் எதற்கு?

எங்கள் ஊரில் ஒருவன் திடீரென்று தாத்தா பெயரை விசாரிக்கிறான் என்றால், தாசில்தார் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான் என்று அர்த்தம். முதலில் வாரிசுச் சான்றிதழ், பிறகு பாகப்பிரிவினை, பிறகு கோர்ட். கனடாவில் ஸ்காபரோவுக்குக் குடிவந்து சில வருடம் ஆகிவிட்டாலும் நான் பிறந்தது குளித்தலையில். இதுகூடத் தெரியாத அளவுக்கு விவரம் கெட்டவள் இல்லை.

என் தம்பி மோகனசுந்தரம் ஒஷாவாவில் கார் செய்யும் ஃபாக்டரி ஒன்றில் வேலை பார்த்தான். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் பனியைத் திட்டுவான், ரசத்துக்கு எவ்வளவு மிளகு என்று கேட்பான். எழுபத்தேழு ஜனவரியில் பேச்சு மாறியது. அப்பா இறந்த தேதி என்ன, தாத்தா பெயர் என்ன, அவருடன் பிறந்தவர்கள் யார் யார், எந்த ஊரில் பெண் எடுத்தார்கள்?

மறந்துபோச்சு என்று சொல்லிப் போனை வைத்தேன். குளித்தலையில் அப்பா வீடும் வாய்க்காலோரம் கொஞ்சம் நிலமும் இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன. என் கணவர் அழகேசனோ, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, அவனுக்குக் குடும்பப் பாசம் வந்திருக்கும் என்றார். பாசம் வந்தவன் பஸ் பிடித்து வரவேண்டியதுதானே? தேதி எதற்கு?

அடுத்த வாரம் கேட்டான்: "முசிறியில இருந்தாங்களே, அவங்க பேரு என்னக்கா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முசிறி ஆற்றுக்கு அக்கரை. அங்கே அப்பா வைத்திருந்த இன்னொரு குடும்பத்தின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. அவர்களையும் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு, கையெழுத்து வாங்கி, நிலத்தை விற்கப்போகிறான். சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை அழகேசனைக் காரெடுக்க வைத்து ஒஷாவா போய் இறங்கினேன். காபி கேட்டேன். இல்லை என்றான். டீயும் இல்லையாம். நாள் முழுக்கக் காபியில் வாழ்ந்தவன் பாலைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தான். என்னமோ இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. மேசையில் பெரிய தாள் ஒன்று விரித்திருந்தது. அவன் பெயரிலிருந்து கோடுகள் பிரிந்து பிரிந்து போயின. பாதிக் கட்டங்கள் காலி.

எந்த வக்கீல் இதைப் போட்டுக் கொடுத்தான் என்று கேட்டேன். அவன் சிரித்தேவிட்டான். நிலத்தை நானே வைத்துக்கொள்ளலாமாம். போன வருடம் டை கட்டிய இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் கதவைத் தட்டினார்களாம். இவன் மார்மன் என்கிற கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டானாம். காபி, டீ அவர்களுக்கு ஆகாது. செத்துப்போனவர்களுக்காக உயிரோடு இருப்பவர்கள் தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு புருஷனையும் பெண்டாட்டியையும், பெற்றவர்களையும் பிள்ளைகளையும் அழியாத உறவாகச் சேர்த்துவைப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித்தான் செய்ய வேண்டும். பெயர் தெரியாதவர் விட்டுப்போவார். அதனால்தான் முன்னோரைத் தேடுகிறார்கள். கோடையில் வாஷிங்டனில் உள்ள அவர்கள் ஆலயத்துக்குப் போகிறான்.

இதற்கு எவ்வளவு பிடுங்குகிறார்கள், பெயர்களை வாங்கி வேறென்ன செய்கிறார்கள் என்று துருவினேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை.

"முதல்ல அப்பாவையும் அம்மாவையும் சேர்க்கணும்க்கா," என்றான். "எனக்கு அம்மா முகமே ஞாபகம் இல்ல. மேலோகத்துலயாவது எல்லாரும் ஒரே வீட்ல இருக்கலாம்ல."

அதற்குமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. முசிறியில் யாரோ இருந்தார்கள் என்பதற்குமேல் அவனிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. நான் சொன்னேன். சாயங்காலம் அப்பா பரிசல் ஏறி அக்கரைக்குப் போவதையும், எப்போது திரும்புவாரோ என்று அம்மா சோற்றை மூடிவைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் யாருக்கும் காத்திருக்க வேண்டாம் என்று அவள் நிம்மதியாகச் சிரித்ததையும் சொன்னேன். முசிறிப் பெயர் வேண்டுமானால் எழுதிக்கொள், அவளும் பாவம்தான், ஆனால் அம்மாவை மறுபடியும் அந்த அடுப்படிக்கு அனுப்பாதே என்றேன்.

அவன் மெதுவாகச் சொன்னான்.

"கட்டாயம் இல்லக்கா. மேல அம்மாவையும் கேப்பாங்க. இஷ்டம் இல்லேன்னா வேண்டாம்னு சொல்லிடலாம்."

"அம்மா என்னைக்குடா வேண்டாம்னு சொல்லியிருக்கா?"

பேனாவைக் கீழே வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அம்மா பெயருக்கு மேலே இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. அது யாருக்கு என்று கேட்டேன். அம்மாவைப் பெற்றவர்களுக்கு என்றான். பெண்ணைத் தாயோடும் தகப்பனோடும் சேர்ப்பதும் உண்டாம்.

அந்தப் பையன்களை நான் இன்றுவரை நம்பவில்லை. ஆனாலும் பால் டம்ளரை நகர்த்திவிட்டு, பேனாவை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"அப்பாவை விட்டுடு. அம்மாவைப் பெத்தவ பேரு வீராயி. எழுதிக்கோ. அவகிட்ட கொண்டுபோய் விடு."