அவசரப்படாத பூகம்பம்

அது மழைக்கு முன்பா பின்பா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மற்றவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் வீட்டில் ஒரு மத்தியானம் பூகம்பம் தொடங்கியது, வருஷக்கணக்கில் அது முடியவில்லை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அலமாரியிலிருந்து நழுவிய பீங்கான் தட்டு தரைக்கு வந்துசேர ஒரு கோடைகாலம் பிடித்தது. கடல் பக்கச் சுவர் உள்ளே சாயச் சாய, பள்ளிச் சீருடை தைக்கும் அவர் மனைவி தன் மெஷினை வருஷத்துக்கு ஒரு ஜாண் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். முட்டுக்கொடுத்த மரங்கள் அதே நிதானத்தில் ஒடிந்தன. "நம்ம வீட்டுக்கு வந்ததும் பூகம்பத்துக்கே சோம்பேறித்தனம் ஒட்டிக்கிச்சு" என்றார் மெக்கானிக். "யார்கிட்டேர்ந்துன்னு நான் சொல்லணுமாக்கும்" என்றாள் அவள்.

கரை நெடுக, ஊருக்கு அடியில், பூமி இரண்டு பாளமாகப் பிளந்து ஒன்றையொன்று நெருக்கி நிற்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். என்றாவது நழுவும் என்ற பயத்தில் யாரும் இரண்டு மாடிக்கு மேல் கட்டியதில்லை. இப்போது ஊர் வேறு விதமாக யோசித்தது: வரவேண்டியது அந்த வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துவிடும், அங்கே ஆள் இருக்கும்வரை நமக்கு வராது. நில அதிர்வு அலுவலகத்துப் பெண் வந்து, ஒரு கரையின் பாரத்தை ஒரு வீடு வாங்கிக்கொள்ளாது என்று கூட்டம் போட்டு விளக்கினாள். டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள். முதலில் ஆறு மாடி எழுப்பியவர் மெக்கானிக் மனைவியின் அண்ணன், கட்டட காண்ட்ராக்டர். நான்காவது மாடியில் தன் மகளைக் குடிவைத்தார்.

வாசல்நிலை தாழ்ந்துகொண்டே வந்து, இன்னும் சில நாளில் யாரும் வெளியேற முடியாது என்றானபோது, மெக்கானிக் சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்தார். அண்ணன் வந்து வாசலில் குந்தி, உள்ளே பார்த்துப் பேசினார்.

"நீ வெளிய வந்துட்டா என் பொண்ணு கதி என்னம்மா?"

"அப்போ நீ உள்ள வந்து இருண்ணே."

அவர் குனிந்து தன் செருப்பு வாரைச் சரிசெய்தார். முதுகுவலி என்று முனகியதாகச் சிலர் சொல்கிறார்கள். அவள் தவழ்ந்து வந்து ஒரு காலை வெளியே வைத்தாள். தெருவிளக்குகள் ஆடின. எங்கள் ஊரில் அவை அவ்வப்போது ஆடும். அன்றைக்கும் ஆடின, அவ்வளவுதான். கூடியிருந்தவர்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். அவள் நான்காவது மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டாள். மெக்கானிக் தெருவில் தனியாக நின்றார். பிறகு சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, தவழ்ந்து தானும் நுழைந்தார். "கொஞ்சம் தள்ளிக்கோ" என்று அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது.

அடுத்த ஆண்டு கரை முழுவதும் நழுவியது, சாதாரண வேகத்தில். சட்டைப் பொத்தான் போட்டு முடிக்கும் நேரம்தான். ஆறு மாடி இப்போது இல்லை. அண்ணன் மகள் இல்லை. தெருவில் பாதிப் பேர் இல்லை. அலுவலகத்துப் பெண் வேறொரு கரைக்கு மாற்றலாகி, அங்கே கூட்டம் போட்டு விளக்குகிறாள். மெக்கானிக் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தன் பூகம்பத்திலேயே இருந்தது. அண்ணன் கடப்பாரையை அதன் சுவர்மேல் ஓங்கி எறிந்தார். அது இன்னும் காற்றில்தான் இருக்கிறது, சுவரைத் தொட நாளாகும். கூரை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் படுத்தபடியே இருக்கிறார்கள். அண்ணன் தினமும் சுவர் இடுக்கில் சாப்பாட்டைத் தள்ளுகிறார், அவள் வாங்கிக்கொள்கிறாள். பேசிக்கொள்வதில்லை.