வெறும் பாட்டில்

மீனைப் பார்க்காமலேயே மீன் இருக்கிறதா என்று சொல்வது என் பிழைப்பு. நீந்திப் போகிற மீன் சளியையும் செதிலையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகும். அந்தத் தண்ணீரை ஆய்வகத்தில் வடிகட்டி, அதிலுள்ள மரபணுவைத் தேடுவேன்.

அக்காவும் மாமாவும் குடியிருப்பது ஏரிக்கரையில். ஏரியை மூடி, கரை வீடுகளையும் இடிக்கப் போகிறார்கள். அரிதாகிவிட்ட பொட்டுக்கெண்டை அங்கே இருக்கிறதென்று நிரூபித்தால் விட்டுவிடுவார்களாம். வலை வீசிப் பிழைக்கிற மாமாவே ஏரியில் அதைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. ஆனாலும் படகோட்டினார். நான் மொண்ட பாட்டில்களுக்கெல்லாம் மூடி திருகியவரும் அவரே.

முடிவு வந்தது. ஏரித் தண்ணீர் அத்தனையிலும் பொட்டுக்கெண்டை! உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"நெஜமாத்தானாடி? சத்தியமா சொல்லு!" என்று அழுதாள்.

அவசரக்குடுக்கை நான். வெறும் பாட்டிலின் முடிவையும் பார்த்துவிட்டல்லவா வாயைத் திறந்திருக்க வேண்டும்? ஆய்வகத்தின் சுத்தமான தண்ணீரை எடுத்துப்போய், ஏரியில் திறந்து மூடிக் கொண்டுவருகிற பாட்டில் அது. அதில் எந்த மீனும் தெரியக் கூடாது. தெரிந்தது. மூடி திருகிய கையிலிருந்துதான் ஒட்டியிருக்க வேண்டும்.

நேரே போய் மாமாவைப் பிடித்தேன். "அன்னிக்குக் காலையில எந்த மீனத் தொட்டீங்க?"

முழித்தார். பிறகு கொல்லைக்குக் கூட்டிப்போய், சாக்கு போட்டு மூடியிருந்த தொட்டியைக் காட்டினார். உள்ளே ஒற்றைப் பொட்டுக்கெண்டை, கிழடு.

"கடைசியா வலையில சிக்குனது. ஜோடி கெடைச்சா விடலாம்னு வச்சிருந்தேன். வெளிய தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு உங்கிட்டகூட மூச்சு விடல. அன்னிக்கு இதுக்குத்தான் தண்ணி மாத்துனேன்."

"கையுறை குடுத்தேனே!"

"மூடி வழுக்குச்சும்மா, கழட்டிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன்.

"இதுவும் நம்ம ஏரி மீன்தானே? இதையே காட்டலாமே?"

"தொட்டியில இருக்கறத ஏரியில இருக்குன்னு எவன் ஒத்துப்பான் மாமா?"

மறுபடி தண்ணீர் எடுக்க, அவரைக் கரையிலேயே நிறுத்திவிட்டு வேறொருவர் படகில் போனேன். இந்த முறை வெறும் பாட்டில் சுத்தமாக இருந்தது. ஏரித் தண்ணீர் பாட்டில்களும் சுத்தம். எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

போனில் சொல்ல மனசு வரவில்லை. நேரில் போய்ச் சொன்னேன். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போற எடத்துல இந்தத் தொட்டி வைக்க எடமிருக்குமா?" என்று மாமா அக்காவைத்தான் கேட்டார்.

"மொதல்ல நமக்கு இருக்கான்னு பாருங்க" என்றாள் அவள்.