தாண்டச் சொன்ன கட்டை

போடிமெட்டுச் சாவடியில் காவலுக்கு இருந்த பால்சாமி, பொம்பளைகளின் முகத்தைப் பார்க்கமாட்டான். காலைத்தான் பார்ப்பான். தொடையில் ஏலக்காயை ஒளித்துக் கட்டி மலையிறங்குகிறவள் காலை அகட்டித்தான் வைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். சந்தேகப்பட்டவளை, சாவடி முன்னால் கிடக்கும் கட்டையைத் தாண்டச் சொல்வான். மூட்டை அவிழ்ந்து விழுந்தால் காயும் போச்சு, ஆளும் உள்ளே போகணும். விழாவிட்டாலும், தாண்டுவதைப் பார்த்து இளிக்க அங்கே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். தூ!

ராசிங்காபுரத்து இருளம்மாளுக்கு மலைச் சோலைக்குள் கொஞ்சம் ஏலச்செடி இருந்தது. அட்டைக்கடி பட்டு அவளும் புருஷனும் வைத்தது. புருஷன் காய்ச்சலில் போனபிறகு ஒண்டியாகக் களையெடுத்து, காய் பறித்து, உலர்த்தினாள். மலையை ஆண்ட சர்க்காரோ விளைந்த காயெல்லாம் தன் பண்டகசாலைக்குத்தான் வரணும், தான் வைத்ததுதான் விலை, மீறிக் கீழே கொண்டுபோனால் கடத்தல் என்றது.

"நான் வளத்த காயை நான் போடிச் சந்தையில விப்பேன். எவன் கேக்குறது?" என்றாள் இருளம்மாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. உமியும் மணலும் கலந்து இரண்டு பைகளில் அடைத்து, தொடைக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு ஒரு மாதம் மலை ஏறி இறங்கினாள். பால்சாமி மூன்று தடவை தாண்டவைத்தான். ஒன்றும் விழவில்லை. "சீ, இவளுக்கு நடையே வாத்து நடை," என்று விட்டுவிட்டான். மறுவாரமே உமி இருந்த இடத்தில் காய் ஏறியது. வாடையா? அந்த மலையில் யார் மேல்தான் ஏலவாடை இல்லை!

முதல் சுமையோடு சாவடியைக் கடந்துவிட்டாள். பின்னால் பால்சாமியின் குரல் கேட்டது.

"ஏ குருவம்மா, என்ன காலை இழுக்குற? தாண்டு!"

பக்கத்து வீட்டுக் குருவம்மாளுக்கு முழங்கால் வீங்கி ஒரு வாரம் ஆகிறது. அவளிடம் ஒரு காய்கூடக் கிடையாது. "முட்டி வலிக்குது சாமி," என்று அவள் அழ, அந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

இருளம்மாள் பேசாமல் போயிருக்கலாம். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வந்தாள்.

"மதினிக்கு முட்டி வீங்கிக் கெடக்கு, கண்ணு தெரியலையா? தாண்டுறதப் பாக்கணும், அம்புட்டுத்தானே? நான் தாண்டுறேன், பாரு!"

முடிச்சு அவிழ்ந்தால் எல்லாம் போச்சு. தாண்டினாள். முடிச்சு நின்றது. திரும்பி இன்னொரு தடவையும் தாண்டினாள்.

"போதுமா? இன்னும் வேணுமா?"

சிரித்தவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். "போங்கடி," என்று பால்சாமி மூஞ்சியைத் திருப்பினான்.

வீட்டில் இருளம்மாள் பைகளை அவிழ்த்ததைப் பார்த்துக் குருவம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். "அடிப்பாவி, இதை வச்சுக்கிட்டா எனக்காகத் தாண்டுன?"

இரண்டு தொடையும் தோலுரிந்து ரத்தம் கசிந்தது. குருவம்மாள் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். இருளம்மாள் எழுந்து நடந்தாள். சுமை இல்லாமலே கால் அகன்று விழுந்தது.

"அய்யோ, உன் நடையே போச்சேடி!"

"போகட்டும் மதினி. இன்னும் நாலு சுமை மேல கெடக்கு. நாளைக்கும் எனக்கு இந்த நடைதான் வேணும்."