மாடிப்படி வளைவு

சவப்பெட்டியின் மூலை மறுபடியும் சுவரில் இடித்ததும் தம்பி கையை எடுத்துவிட்டான். பெட்டி காலிதான், அப்பா இன்னும் மாடி அறைக் கட்டிலிலேயே கிடந்தார். செங்குத்தாக நிறுத்தி மேலே ஏற்றியதைக் கிடைமட்டமாக இறக்க முடியுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிமித்தித்தான் எறக்கணும். வேற வழி இல்ல," என்றான்.

"அவர வெச்சு நிமித்தாதீங்கடா," என்றாள் அம்மா. "நிக்க முடியாமத்தானே இத்தன வருஷம் படுத்துக் கெடந்தாரு. காலை ஊனச் சொன்னாலே கத்துவாரு. போகும்போதாவது படுத்துட்டே போகட்டும்."

அக்கா அளக்கும் டேப்பை எடுத்தாள். இதுதானே அவள் பிழைப்பு! ஆய்வுக்கூடத்தில், சுவர், கூரை, கைப்பிடி என்று ஒவ்வொன்றுக்கும் 'இதைத் தாண்டக் கூடாது' என்று ஒரு சமனின்மை எழுதுவாள். ஒரு பொருள் எதிலும் இடிக்காமல் இருக்கக்கூடிய நிலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வடிவமாகும். அந்த வடிவம் ஒரே துண்டா, பல துண்டா என்று கண்டுபிடிக்க வேண்டும். புறப்படும் இடமும் போய்ச்சேரும் இடமும் ஒரே துண்டுக்குள் இருந்தால் வழி உண்டு. வேறு வேறு துண்டு என்றால் தலைகீழாக நின்றாலும் கிடையாது.

"பீரோ எறக்குறதுக்கெல்லாமா உனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று அப்பா ஒருமுறை வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார்.

அளவுகளைப் போட்டதும் மடிக்கணினி விடை சொன்னது. இரண்டு துண்டு; படுத்தவாக்கில் இறக்க வழியில்லை. அளவில் தப்பு இருக்க வேண்டுமே என்று மனம் அடித்துக்கொள்ள, ஓடிப்போய் வளைவை மறுபடி அளந்து வந்தாள். அப்போதும் இரண்டு. தன் கணக்கு பொய்யாகிவிடாதா என்று அவள் ஏங்கியது அன்றைக்குத்தான்.

"அப்பா செத்துக் கெடக்காரு, நீ உக்காந்து கணக்குப் போட்டுட்டிருக்கியேக்கா," என்றான் தம்பி. "ஒடம்பு வெறச்சுப்போச்சுன்னா என்ன பண்ணுவ?"

அவளுக்குச் சுரீரென்றது. விடிந்த பிறகு பிரிந்த உயிர். உடம்பு இன்னும் வளையும். அவளோ முதல் வரியிலேயே அப்பாவையும் பெட்டியையும் சேர்த்து ஒரே கட்டையாக எழுதிவைத்திருந்தாள். நகரும் பொருள் வளையாது என்று எடுத்துக்கொள்வது அவள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். பெற்ற அப்பாவையே அப்படி எழுதியிருக்கிறோமே என்று உடம்பு கூசியது.

"பெட்டிய நிமித்திக் கீழ கொண்டுபோய் வை," என்றாள். "அப்பாவ நான் தூக்கிட்டு வரேன்."

"உன்னால முடியுமாடி?" என்றாள் அம்மா.

முடிந்தது. எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார். ஒரு கையை முதுகுக்கும் இன்னொன்றை முழங்காலுக்கும் கொடுத்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். வளைவில் திரும்பும்போது அவர் தலை சாய்ந்து அவள் கழுத்தில் விழுந்தது. மழிக்காத தாடி குத்தியது.

நின்றுவிட்டாள்.

"அக்கா, இடிக்குதா?" என்று கீழேயிருந்து தம்பி கேட்டான்.

"இல்ல."

"பின்ன ஏன் நிக்கற? எறங்கு."

மிச்சப் படிகள் நேராக, அகலமாக, பெட்டிவரைக்கும் இறங்கின. அவள் அப்பாவை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.