சுவரில் எழுதிய இருநூற்று முப்பது

என் மனைவியின் தங்கை கணவன் எங்கள் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பரிமாறும்போது என் மனைவி அவனையும் சேர்த்துப் பரிமாறுவாள்.

"வந்து ஆறு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள முதலாளி அவரை ஒக்கார வெச்சுப் பேசுறாராம். நீங்க பதினாலு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கீங்க."

"நின்னு பாக்குற மேசைடி அது."

"அவருக்கும் அதே மேசைதானே?"

நான் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தேன்.

எங்கள் பட்டறையில் வெந்நீர் ஹீட்டர் செய்கிறோம். சுருள் கம்பியைக் குழாயில் அடைத்து மூடியதும் சோதனை மேசைக்கு வரும். வாளித் தண்ணீரில் முக்கி, மின்சாரம் கொடுத்து, இரண்டாயிரம் வாட் தருகிறதா என்று நானும் சகலையும் பார்ப்போம். தேறியதில் முத்திரை குத்துபவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த முத்திரை இனி யார் கையில் என்று சனிக்கிழமை சொல்வதாக முதலாளி அறிவித்திருந்தார். அது எனக்குக் கிடைக்க வேண்டும் என்பதைவிட, அவனுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும், அவன் தேற்றிய ஹீட்டர்களில் பத்தை எடுத்துக்கொண்டு பட்டறையின் கடைக்கோடி மேசைக்குப் போனேன். அந்தப் பக்கம் பெயின்ட் உலர்த்தும் மின் அடுப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக முக்கி, ஆம்பியரைக் குறித்தேன். எட்டே முக்காலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது ஏழு புள்ளி எட்டில் நின்றது. ஏழாவது ஹீட்டர் இன்னும் மோசம், ஏழு புள்ளி இரண்டுதான்.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன். பள்ளியில் பிரம்பின் துணையோடு படித்தது, மறக்குமா? தினமும் காலையில் மெயின் போர்டில் வோல்ட்டை அளந்து, அருகே சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பது என் வழக்கம். அன்றைய கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். அன்று இருநூற்று முப்பது. பெருக்கினேன். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று நான்கு. பத்தில் ஒன்றுகூடத் தேறத் தேவையான ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தொடவில்லை!

அன்று மாலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "என்ன, திடீர்னு பசி?" என்றாள் மனைவி. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் முதலாளி முன் பட்டியலை விரித்தேன். கோடு போட்டு, வரிசை எண் கொடுத்து, சிவப்பு மையில் விடை எழுதிய பட்டியல். அவர் படித்துவிட்டு அவனைக் கூப்பிட்டார். அவன் முகம் வெளுத்தது. பத்து பேருக்கு முன்னால் அதைப் பார்த்தது எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

"அண்ணே, எந்த மேசைல பாத்தீங்க?"

"எந்த மேசையா இருந்தா என்ன? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

"இல்லண்ணே. அந்த நேரம் அங்க வோல்ட் எவ்ளோ இருந்துச்சு?"

"அதான் சுவத்துல எழுதியிருக்கே."

சொன்ன மறுகணமே எனக்கு உறைத்தது. சுவர் மெயின் போர்டுக்குப் பக்கத்தில். நான் அளந்த மேசை மறுகோடியில்; அதுவரை ஓடும் ஒல்லிக் கம்பியில் அடுப்பும் சேர்ந்து இழுத்தால் வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். முதலாளி அடுப்பையும் ஒரு ஹீட்டரையும் போடச் சொல்லி, அவரே அந்த மேசையில் மீட்டரை வைத்தார். இருநூற்று ஏழு.

சகலை என் பட்டியலின் ஓரத்திலேயே வகுத்தான். "இருநூத்தி ஏழை ஏழு புள்ளி எட்டால வகுத்தா தடை இருபத்தாறரை ஓம். ரெண்டாயிரம் வாட்டுக்கு அதான் வரணும். கம்பி சரியாத்தான் இருக்கு. இங்க வோல்ட்டுதான் மெலிஞ்சிருக்கு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். "பதினாலு வருஷமா சுவத்தையா அளந்தாரு?"

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன் விரல் என் வரிசையில் இறங்கி ஏழாவதில் நின்றது. மறுபடி வகுத்தான். இருபத்தெட்டே முக்கால். அந்த ஹீட்டரை முன் மேசைக்குக் கொண்டுபோய், முழு வோல்ட்டில் போட்டுப் பார்த்தான். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது வாட்.

"இது என் தப்பு சார். அன்னிக்கு நடுவுல போன் வந்துச்சு. முந்தினதையே ரெண்டு தரம் பாத்துட்டு, இதைப் பாக்காம விட்டிருக்கேன். அண்ணன் பட்டியல் போடலைன்னா இது வெளில போயிருக்கும்."

அந்த ஒன்று மட்டும் தனியாகக் குறைகிறதே என்று நான் ஏன் யோசிக்கவில்லை? பத்தும் கெட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன் கண்ணுக்கு, கெட்ட ஒன்று தெரியவில்லை. முதலாளி முத்திரையை அவன் கையில் கொடுத்தார். "தப்புன்னா தப்புன்னு சொல்ற ஆளு வேணும்பா" என்றார் என்னைப் பார்க்காமல்.

முத்திரைக்குக்கூட நான் அவ்வளவு வயிறெரியவில்லை. "இது என் தப்பு" என்று சொல்ல அவனுக்கு மூன்று நொடிதான் ஆனது, அதற்குத்தான் எரிந்தது. நான் வீடு வரும் அரைமணி நேரமும் அந்தச் சொற்களை வாயில் வைத்து மென்றுகொண்டே வந்தேன்.

"என்னமோ நாளைக்குச் சொல்றேன்னீங்களே?" என்றாள் மனைவி, தட்டை வைத்தபடி.

"முத்திரை அவனுக்குத்தான். நான் வோல்ட்டை அளக்காம கணக்குப் போட்டு அவனை மாட்டிவிடப் பாத்தேன். என் தப்பு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்தாள். அன்று அவள் அவனைப் பரிமாறவில்லை.

திங்கட்கிழமை போனதும் சுவரிலிருந்த எண்ணை ஈரத்துணியால் துடைத்தேன். பக்கத்து மேசையில் முத்திரை விழும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு குத்தும் எனக்கு வலிக்கத்தான் செய்தது. மீட்டரை எடுத்து என் மேசையில் வைத்தேன். இருநூற்று இருபத்தாறு.